எந்த ஆற்று மீன்?

பருவமழை முடிந்து அணையில் நீர் ஏறியதும் மீன்வளத் துறையின் வண்டிகள் வந்து நிற்கும். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில் விரலிகள் எனப்படும் மீன்குஞ்சுகள். பையை அணை நீரில் சற்று நேரம் மிதக்கவிட்டு, உள்ளும் வெளியும் வெப்பம் ஒத்துப்போன பிறகே வாயைப் பிரித்து விடுவார்கள். மேட்டூர், பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, சாத்தனூர் என்று தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வேலை இது. பைக்குள் இருப்பவை பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். இடத்துக்கு ஏற்பச் சாதாக்கெண்டையும் புல்கெண்டையும் சேரும். யாரும் விடாமலே பெருகிக்கொள்ளும் ஜிலேபிக் கெண்டை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூடக் காவிரிக்கோ தென்பெண்ணைக்கோ உரிய மீன் இல்லை. கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை, சேல்கெண்டை, வாளை, மகசீர் என்று அங்கே முன்பிருந்தவை என்ன ஆயின என்று கேட்டால் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. வந்த மீன் தின்று தீர்த்துவிட்டது என்பது ஒன்று. கெடுத்தது அணையும் வலையும் கழிவுநீரும்தான், மீன்மேல் பழி போடுவது வீண் என்பது மற்றொன்று. இருக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நாட்டு மீனை முதலில் சாய்ப்பது பெரும்பாலும் அணைதான். சாய்ந்தது மறுபடி எழ முடியாமல் அந்த இடத்தை அடைத்துக்கொள்வது விட்ட மீன். அதிலும் கேடு அதிகம் செய்வது கண்டம் தாண்டி வந்த மீனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இருந்த மீனுக்கு நெருங்கிய உறவாக, பக்கத்து ஆற்றிலிருந்து வந்த மீனே பல இடங்களில் அதை வேரோடு பெயர்த்திருக்கிறது. நம் விதிகளும் நம் குஞ்சுப் பொரிப்பகங்களும் இந்த இரண்டாம் வகையைக் கண்டுகொள்வதே இல்லை.

அணையின் பங்கை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்பு கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன், அந்தச் சுவர் எழுந்த பிறகு ஏற வழியில்லாமல் போனது. காவிரியில் அதை நம்பியிருந்த மீன்பிடிப்பும் ஒழிந்தது. இதில் எந்த வந்தேறி மீனுக்கும் பங்கில்லை. காவிரியின் பெருங்கெண்டைகள் தென்மேற்குப் பருவத்தில் புதுவெள்ளம் வரும்போது எதிர்நீச்சலிட்டு மேலே போய் முட்டையிடுபவை. ஓடும் நீர், ஏறும் மட்டம், கலங்கல் எல்லாம் சேர்ந்தால்தான் அவற்றுக்கு முட்டையிடும் உந்துதல் வரும். முட்டைகள் நீரோட்டத்தில் உருண்டு மிதந்துகொண்டே பொரியும். தேங்கிய நீரில் இது நடக்காது. மேட்டூருக்கு மேலே ஒகேனக்கல் வரைக்கும் அதற்கு அப்பாலும் காவிரி இன்னும் ஆறாகவே ஓடுவதால் அங்கே ஓரளவு நடக்கிறது. மேலே போக ஓடைகூட இல்லாத சிறு அணைகளில் அதுவும் இல்லை. இன்னொரு தொல்லை நீர்மட்டம். பாசனத்துக்காகத் திறந்துவிட்டால் 120 அடியில் நிற்கும் மேட்டூர் சில மாதங்களில் பாதிக்கும் கீழே போய்விடும். கரையோரத்தில் செடி முளைப்பதற்குள் கரையே நகர்ந்துவிடுகிறது. செடியில் முட்டை ஒட்டும் மீனும், கரையோரச் சேற்றில் கூடமைக்கும் மீனும், வெள்ளத்தோடு மேலேறும் மீனும் இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே மாதிரி தாங்குவதில்லை. ஆகவே அணைதான் காரணம் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அணைக்குப் பின்னும் தாக்குப்பிடித்த மீன்கள் பல உண்டு. அவற்றுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு அணையைக் காட்டி விடைசொல்ல முடியாது.

இந்தக் காரணங்களைப் பிரித்தறிவது லேசில்லை. நைலான் வலை பரவியதும், தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்ததும், மணல் அள்ளியதும், மீன் விட்டதும் ஏறக்குறைய ஒரே அரை நூற்றாண்டில் நடந்தவை. எல்லாம் சேர்ந்து மாறும்போது எது எதைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? மற்ற தொல்லைகள் குறைவாக இருக்கிற ஒரு நீர்த்தேக்கத்தைப் பார்ப்பதுதான் வழி. அப்படி ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. அதனால் உண்டான தேக்கடி ஏரியைச் சுற்றி இன்று புலிகள் காப்பகம்; ஆலை இல்லை, சாயக்கழிவு இல்லை, மேலே காடு அழியாமல் நிற்கிறது, மீன்பிடிக்கும் உரிமை மன்னான், பளியர் போன்ற பழங்குடியினரோடு நின்றுவிடுகிறது. இந்தப் பெரியாற்றிலிருந்துதான் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய சுந்தரராஜ் 1941இல் லெபிடோபிகாப்சிஸ் டைபஸ் என்ற மீனை விவரித்தார். உலகில் வேறெங்கும் இல்லாத மீன். அதன் பேரினத்தில் அது ஒன்றே ஒன்று. அவர் அதை எழுதியபோது அணைக்கு நாற்பத்தாறு வயது. அதாவது அரை நூற்றாண்டு அணையோடு வாழ்ந்தும் அது அழிந்துவிடவில்லை. பிறகு ஏரியில் சாதாக்கெண்டையும் ஜிலேபியும் வந்து சேர்ந்து, மீனவர் வலையில் விழுவதில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொண்டன. உள்ளூர் மீன்களும் சாதாக்கெண்டையும் ஏரியடியில் ஒரே உணவுக்குப் போட்டியிடுவதை ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். டைபஸ் இன்று முக்கியமாக மேல் ஓடைகளில்தான் பிழைத்திருக்கிறது, அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை என்று ஒருவர் சொல்லலாம், சரிதான். ஆனால் கழிவையும் மணலையும் காட்டித் தப்பிக்க முடியாத இடம் இது. வேறு எதன் மேல் பழியைப் போடுவது என்று மறுப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

இதற்கு நேர் எதிரான சான்றுகளும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது. இலங்கையில் ஜிலேபி 1952இல் வந்தது. அந்தத் தீவில் இயற்கை ஏரிகள் கிட்டத்தட்ட இல்லை. பராக்கிரம சமுத்திரம் போன்ற பழங்காலக் குளங்கள்தான் எங்கும். ஆறுகளிலிருந்து குளத்துக்குள் வந்த சிறு கெண்டைகள் அங்கே ஏராளமாக இருந்தாலும், விரிந்த தேங்கு நீரைத் தன் இடமாக ஆண்ட பெரிய மீன் என்று ஒன்று இருக்கவில்லை. ஜிலேபி வந்த பிறகு குளத்து மீன்பிடிப்பே புதிதாகப் பிறந்ததுபோல் ஆனது. உள்நாட்டு ஏழைகளுக்கு மலிவான மீன் கிடைத்தது. இலங்கை மீனியல் அறிஞர் சேன டி சில்வாவும் அவரோடு சேர்ந்து ஆய்ந்தவர்களும், ஆசியாவில் ஜிலேபி நாட்டு மீனை அழித்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று வாதிட்டவர்கள். ஆப்பிரிக்காவின் கரிபா நீர்த்தேக்கமும் இதையே சொல்வதுபோல் தோன்றும். ஜாம்பேசி ஆற்றை 1958இல் மறித்தபோது பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்போல் நீர் தேங்கியது. ஆற்று மீன்கள் கரையோரத்தைவிட்டு அகலவில்லை. நடு ஏரி வெறுமையாகக் கிடந்தது. 1967, 68இல் டாங்கனீக்கா ஏரியிலிருந்து கபென்டா என்ற சிறு மத்தி வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது நடு ஏரியில் பெருகியது. இரவில் விளக்கு வைத்துக் கபென்டா பிடிப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அதை வேட்டையாடிப் பிழைக்க உள்ளூர்ப் புலிமீனும் கற்றுக்கொண்டது. நாட்டு மீன் எதுவும் இதனால் ஒழிந்ததாகப் பேச்சில்லை.

கரிபாவின் கதை அதோடு முடியவில்லை. அதனால்தான் அது இவ்வளவு பயன்படுகிறது. அதே ஏரியில் கூண்டுகளில் வளர்த்த நைல் திலாப்பியா, நம் ஜிலேபியின் உறவு, தப்பி வெளியேறியது. கரிபாவுக்கு உரிய திலாப்பியா ஒன்று அங்கே இருந்தது. நைல் திலாப்பியாவுக்கு நெருங்கிய உறவு, அதே கரையோரம், அதே இரை, ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கக்கூடியவை. இன்று கரிபா திலாப்பியா மிக அருகிய இனமாகப் பட்டியலில் இருக்கிறது. ஒரே அணை, ஒரே நீர், ஒரே காலநிலை. தொலைவிலிருந்து வந்து காலி இடத்தில் குடியேறிய மீன் யாரையும் தள்ளவில்லை. உறவாக வந்தது உரியவனை வெளியேற்றிவிட்டது. இலங்கையின் விடையும் இதனால்தான் வேறாக இருக்கிறது. அங்கே ஜிலேபிக்கு உறவுக்காரர் மிகக் குறைவு, ஏரி வாழ்வுக்குப் போட்டியாளரும் இல்லை. ஆகவே டி சில்வாவின் முடிவு இலங்கைக் குளங்களுக்குச் சரியாக இருக்கலாம். அதை எடுத்துவந்து காவிரிமேல் ஒட்டுவதுதான் பிழை. நம்மூர்க் கணிப்புக்கு இன்னும் ஒரு சான்று சேர்க்கலாம். நம் அணைகளை நிறைத்திருக்கும் மொசாம்பிக் ஜிலேபி, தன் சொந்த ஊரான தென் ஆப்பிரிக்க ஆறுகளில் இன்று அழியும் வாய்ப்புள்ள இனம். அங்கே அதை ஒழித்துக்கொண்டிருப்பது அதே நைல் திலாப்பியாவின் கலப்பு. இங்கே அழிக்க முடியாத மீன் அங்கே காப்பாற்ற முடியாத மீன்.

ஜிலேபி நம் அணைகளில் எப்படி வெல்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்கலாம். ஆண் மீன் ஆழம் குறைந்த கரையோரச் சேற்றில் வாலால் விசிறிச் சட்டிபோல் ஒரு குழி தோண்டும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு நகர்ந்துவிடும். பொரிந்த குஞ்சுகளும் சில நாள் தாயின் வாய்க்குள்தான். ஆபத்து வந்தால் மறுபடி உள்ளே ஓடிவிடும். நீர்மட்டம் இறங்கினால் தாய் வாயை மூடிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். ஒட்டிய முட்டை காய்ந்துபோகிற சங்கடம் இதற்கு இல்லை. வெள்ளம் வேண்டாம், ஓடும் நீர் வேண்டாம். நெருக்கடி மிகுந்தால் உள்ளங்கை அளவு வளர்வதற்குள்ளேயே, இரண்டு மூன்று மாதத்தில் சினைபிடித்துவிடும். ஆண்டில் பல முறை முட்டையிடும். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் ஆறு பெருகினால் மட்டும், முட்டையிடும் ஒரு பெருங்கெண்டையை இதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அணையின் ஏற்ற இறக்கம் ஒன்றுக்குச் சாவு, மற்றதற்கு வாழ்வு. அமராவதி அணையில் இது கண்கூடாக நடந்தது. ஜிலேபி இந்தியாவுக்கு வந்தது 1952இல், பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்கு. பிறகு இலங்கையிலிருந்தும் சென்னை மாகாணம் வாங்கியது. 1959இலேயே இந்திய மீன்வள ஆய்வுக் குழு இதைப் பரப்பக்கூடாது என்று தடைவிதித்தது. ஏழே ஆண்டில் தடை. ஆனால் மீன் அதற்குள் கைமீறிவிட்டது. 1950களின் இறுதியில் நீர் தேங்கத் தொடங்கிய அமராவதியில் பின்னாளில் பிடிப்பில் மிகப் பெரும் பங்கு ஜிலேபியாகவே ஆனது. தமிழ்நாட்டில் எக்டேருக்கு அதிக மீன் தரும் அணை என்று அது பெயரும் வாங்கியது. எடை மட்டும் பார்ப்பவருக்கு அது வெற்றிக் கதை.

ஜிலேபியின் வெற்றிக்கு நாமும் வழிவிட்டோம். வாளை, விரால், பெரிய கெளுத்திகள் ஜிலேபிக் குஞ்சைத் தின்று அடக்கக்கூடியவை. ஆனால் அவை விட்ட விரலிகளையும் தின்னும் என்பதால் நீர்த்தேக்க மேலாண்மையில் அவற்றைப் பிடித்துக் குறைப்பது பல காலம் பரிந்துரைக்கப்பட்ட முறையாகவே இருந்தது. சிறு நாட்டு மீன்களுக்குக் களை மீன் என்று பெயர். களையைப் பிடுங்குவது விவசாயத்தின் அறம்தானே. ஒரு நீர்நிலையில் மீன் விடுவதால் நாட்டு மீனுக்கு வரும் கேட்டைக் கணக்கிடும்போது, வந்த மீன் தின்றதை மட்டும் எண்ணினால் போதாது. வந்த மீனுக்காக நாம் தீர்த்துக்கட்டியதையும் சேர்க்கவேண்டும். இரைதின்னியை அகற்றிய அணையில் ஜிலேபி எளிதாகப் பெருகியதில் வியப்பு இல்லை. வாளை அடர்த்தியாக இருக்கும் அணைகளில் ஜிலேபி அத்தனை ஆதிக்கம் செலுத்துவதில்லை என்பதை மீனவர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள்.

உறவு மீனின் கேட்டுக்குக் காவிரியிலேயே கண்ணெதிரே ஒரு சான்று இருக்கிறது, அதுவும் பாதுகாப்பு என்ற பெயரில் நடந்தது. காவிரியின் திமில் மகசீர் ஐம்பது கிலோவைத் தொடும் பெருமீன், தூண்டில்காரர்களின் கனவு. 1873இல் எச். எஸ். தாமஸ் எழுதிய தூண்டில் நூல் காலத்திலிருந்தே தென்னிந்திய மகசீரின் புகழ் பரவியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மகசீர் எங்கும் குறைவதைக் கண்டு, லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் செயற்கையாக இனப்பெருக்கம் செய்த குஞ்சுகள் பல மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன. அந்தக் குஞ்சுகளில் பெரும்பங்கு கிருஷ்ணா ஆற்றுப் படுகைக்கு உரிய நீலத்துடுப்பு மகசீர். காவிரியிலும் அது விடப்பட்டது. கர்நாடகத்தில் காவிரிக் கரைத் தூண்டில் முகாம்களில், பிடித்த மீனை எடைபோட்டுக் குறித்துவிட்டு மறுபடி ஆற்றில் விடும் பழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரையான அந்தக் குறிப்பேடுகளை ஏட்ரியன் பின்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் ஆய்ந்தார்கள். 23,620 மணி நேரத் தூண்டிலில் 6,161 மகசீர்கள். மிகப் பெரியது 46.8 கிலோ. மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் மகசீர் பெருகிக்கொண்டே போகிறது. நீலத்துடுப்பையும் திமிலையும் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது. கூடியது முழுக்க நீலத்துடுப்பு. திமில் மகசீரின் எண்ணிக்கை சரிந்தது, பிடிபட்ட ஒன்றிரண்டின் சராசரி எடையோ கூடிக்கொண்டே போனது. எடை கூடுவது நல்ல சேதி இல்லை. இளம் மீன் வருவது நின்றுவிட்டது, கிழட்டு மீன் மட்டும் மிச்சம் என்று பொருள். 2018இல் அது மிக அருகிய இனமாகப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டில்தான் அறிவியல் பெயர் இல்லாமலே புகழ்பெற்றிருந்த இந்த மீன், பாம்பாற்றில் கண்டு ஏற்கெனவே பெயரிடப்பட்டிருந்த டோர் ரேமாதேவி என்னும் இனமே என்று உறுதியானது. பாம்பாறு நேராக அமராவதி அணைக்கு வரும் ஆறு என்பது இங்கே நினைவில் வைக்கத்தக்கது.

இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்த மீனாக இருந்திருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். நீலத்துடுப்பு இந்திய மீன், மகசீர்தான், அழகிய மீன்தான். ஆப்பிரிக்கத் தேளிக்குத் தடை உண்டு; அதை வளர்த்தால் அதிகாரிகள் வந்து குளத்தில் மருந்தடித்து அழிக்கிறார்கள், செய்தித்தாளில் படம் வருகிறது. கிருஷ்ணா மீனைக் காவிரியில் விட்டால் பாராட்டு வருகிறது. மீனின் எல்லை பாஸ்போர்ட் எல்லை இல்லை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே நிற்கும் மலைவரிதான் அதன் எல்லை. பல இலட்சம் ஆண்டுகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தனித்தனியாக வளர்ந்தவற்றை லாரியில் ஏற்றிக் கலப்பது, கடல் தாண்டிக் கொண்டுவருவதற்குக் குறைந்த செயல் இல்லை. நெருங்கிய உறவு என்பதால் இரையும் இடமும் ஒன்று. கலப்பினம் உண்டாகும் வாய்ப்பும் உண்டு. தூரத்து மீன் இடத்தைப் பிடிக்கலாம், பக்கத்து மீன் இரத்தத்திலேயே கலந்து அடையாளத்தை அழிக்கலாம். வலையால் ஒரு ஜிலேபியை விலக்கிவிட முடியும். கலந்துபோன மரபணுவை எந்த வலையாலும் பிரிக்க முடியாது.

கட்லா, ரோகு, மிர்கால் பற்றிய கேள்வி இங்கேதான் வருகிறது. இவை கங்கை முதலிய வடபுல ஆறுகளின் மீன்கள். இவை ஏன் தெற்கே இவ்வளவு பரவின என்பதற்குக் காரணம் சூழலியல் இல்லை, தொழில்நுட்பம். 1957இல் ஹீராலால் சவுத்ரி முதலியோர் பிட்யூட்டரிச் சாறு ஊசிபோட்டுக் கெண்டைகளை முட்டையிடவைத்தார்கள். அந்த முறை முதிர்ந்த பிறகு இந்த மூன்றின் குஞ்சுகள் இலட்சக்கணக்கில் கிடைத்தன. கருமுழிக் கெண்டைக்கோ வெண்கெண்டைக்கோ அந்த அளவில் யாரும் முயலவில்லை. கையில் எந்தக் குஞ்சு இருந்ததோ அதை விட்டார்கள். மிர்காலையும் காவிரியின் வெண்கெண்டையையும் பக்கத்தில் வைத்தால் தேர்ந்த கண்ணுக்கும் தடுமாற்றம் வரும். இரண்டும் ஒரே இனம் என்றே கருதிய வகைப்பாட்டியலார் உண்டு. அடிமண்ணில் படியும் மக்கிய பொருளைத் தின்பதில் இரண்டும் ஒன்று. மிர்காலை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கொட்டும் ஆற்றில் வெண்கெண்டை அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் இருப்பதைத் தற்செயல் என்று சொல்வதற்கு நிறைய துணிச்சல் வேண்டும். மிர்கால்தான் காரணம் என்று நிறுவப்பட்டுவிட்டதாகவும் நான் சொல்லவில்லை. மேட்டூரில் அணை, வலை, வறட்சி, மிர்கால் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஆனால் கரிபாவிலும் காவிரி மகசீரிலும் தெளிவாகக் கண்ட வரிசை இங்கேயும் பொருந்துகிறது என்பதால், விட்டுப் பார்ப்போம் என்பவர்தான் தம் செயலுக்குச் சமாதானம் சொல்லவேண்டும். விடாதே என்பவர் அல்ல. ஆற்றில் நாட்டு மீன் பெருக்கும் திட்டம் என்று அறிவித்துவிட்டு அதே மூன்று குஞ்சுகளைக் காவிரியில் விடுவது மட்டும் எந்த வாதத்துக்குள்ளும் அடங்காத வேடிக்கை.

வலுவான மறுப்பு ஒன்று மீதி இருக்கிறது: பசி. மீன் விடாவிட்டால் இந்த அணைகளில் பிடிக்க என்ன இருக்கும்? பரிசலில் இரவெல்லாம் ரங்கூன் வலை போட்டுக் காத்திருக்கிற குடும்பத்துக்கு மரபணுத் தூய்மையை எடைபோட்டு விற்க முடியாது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இமாச்சலத்தின் கோவிந்த சாகரில் 1971இல் தேவலி மீன்பண்ணை வெள்ளத்தில் உடைந்து வெள்ளிக்கெண்டை அணைக்குள் தப்பியது. யாரும் திட்டமிட்டு விட்டதில்லை. அது அங்கேயே இனம்பெருக்கி, 1980களின் இறுதிக்குள் பிடிப்பில் பெரும்பங்கு ஆகிவிட்டது. மொத்தப் பிடிப்பு கூடியது, மீனவர் வருமானமும் கூடியது. ஆனால் அந்தக் கூட்டலுக்குள் ஒரு கழித்தல் இருந்தது. விலை அதிகமுள்ள கட்லா சரிந்து, முள் அதிகம், விரைவில் கெட்டுப்போகும், விலை மலிவு என்று பெயரெடுத்த வெள்ளிக்கெண்டை அந்த இடத்துக்கு வந்தது. ஜிலேபியிலும் இதே கதை. இடம் நெருக்கினால் அது எண்ணிக்கையில் பெருகி அளவில் சிறுத்துவிடும். கூடை நிறையும், விலை நிறையாது. ஆகவே பசிக்கும் நாட்டு மீனுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற நெருக்கடி பாதி கற்பனை. காலி இடம் இருக்கும் அணையில் மீன் விடுவது லாபம். உறவு மீன் ஏற்கெனவே வாழும் அணையில் விடுவது விலை உயர்ந்ததை எடுத்து மலிவை வைப்பது.

இந்த வேறுபாடு நம் கணக்கில் தெரியாததற்குக் காரணம் கணக்கு எழுதும் முறை. அணை மீன்பிடிப்புப் பதிவுகளில் கட்லாவுக்கு, ரோகுவுக்கு, மிர்காலுக்கு, சாதாக்கெண்டைக்கு, ஜிலேபிக்குத் தனித்தனிப் பத்தி கிடைக்கும். நாட்டு மீன்கள் பெரும்பாலும் கடைசியில் இதர மீன்கள் என்ற ஒரே பத்திக்குள் போய்விடும். அதற்குள் கருமுழிக் கெண்டை இருபது ஆண்டில் நின்றுபோய், அந்தக் கிலோக்களைச் சிறு கெளுத்தி நிரப்பியிருந்தாலும் பதிவேட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. மகசீர் என்று ஒரே பேரில் கூட்டியதால் காவிரியில் திமில் மகசீரின் வீழ்ச்சி மறைந்திருந்தது போலத்தான் இதுவும். சான்று இல்லை என்று சொல்பவர்களின் வாதம், பல இடங்களில், சான்றைச் சேர்க்காத முறையிலிருந்தே பிறக்கிறது. இனவாரியாக எழுதச் செலவு அதிகமில்லை. கரையில் எடைபோடும் இடத்தில் மீனவருக்கு ஒவ்வொரு மீனின் பேரும் தெரியும், குறிப்பெழுதுபவர் கேட்டால் போதும்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? எல்லா அணைகளுக்கும் ஒரே விதி பொருந்தாது. மேலே காட்டு ஓடைகளில் அந்த ஆற்றுக்கே உரிய மீன்கள் பிழைத்திருக்கும் அணைகளில் வெளிப்படுகைக் குஞ்சு விடுவதை நிறுத்தவேண்டும். பெரியாறு அதில் முதலிடம். பாம்பாறு வந்து சேரும் அமராவதி, மோயாறு வந்து சேரும் பவானிசாகர் அடுத்தவை. மோயாற்றில் திமில் மகசீர் இன்னும் எஞ்சியிருப்பதால் பவானிசாகரில் எந்த மகசீர்க் குஞ்சையும், காவிரிப் படுகைத் தாய்மீனிலிருந்து வந்தது என்று உறுதி இல்லாமல், விடக்கூடாது. மேல் ஓடை இல்லாத, நாட்டு மீன் ஏற்கெனவே அற்றுப்போன சிறு பாசன அணைகளில் கட்லாவை விட்டுத் தாராளமாக வளர்க்கலாம். அங்கே இழப்பதற்கு மிச்சமில்லை. சேல்கெண்டை, கல்பாசு, கருமுழி போன்றவற்றின் குஞ்சு தேவையென்றால் அந்தந்த ஆற்றின் தாய்மீனிலிருந்தே பொரிக்கவேண்டும். அதுவும் ஒரு சில தாய்மீன்களை மட்டும் வைத்து இலட்சம் குஞ்சு பொரித்தால் ஆற்றில் இருந்த பல்வகைமை சுருங்கிப்போகும்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஜிலேபியை ஒழிக்க வழியில்லை, அமுக்கிவைக்கத்தான் முடியும். இதில் வலைக்கண்ணியின் அளவு ஒரு சிக்கல். குஞ்சு மீனைக் காக்கப் பெரிய கண்ணி வலைதான் போடவேண்டும் என்று விதி வைக்கிறோம். சிறுத்துப்போன ஜிலேபி அந்தக் கண்ணி வழியாகத் தப்பிவிடுகிறது, விதி அதையே காப்பாற்றுகிறது. கண்ணியைச் சிறிதாக்கினால் சேல்கெண்டைக் குஞ்சும் மாட்டும். நடுவழி பருவத்தில் இருக்கிறது. கோடையில் அணை இறங்கி, ஜிலேபி கரையோரக் குழிகளில் கூடும் மாதங்களில் அந்த ஆழமற்ற ஓரங்களில் மட்டும் சிறு கண்ணி இழுவலையை அனுமதிக்கலாம். ஆற்றுக் கெண்டைகளின் புதுக் குஞ்சுகள் அப்போது அணையில் இருப்பதில்லை, அவை வருவது தென்மேற்குப் பருவத்துக்குப் பிறகுதான். பிடித்த சிறு ஜிலேபியைக் கருவாடாகவோ கோழித்தீவனமாகவோ வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருந்தால் மீனவருக்கு அந்த வறண்ட மாதங்களில் கூலியும் கிடைக்கும். வாளையையும் விராலையும் பிடிக்கக் குறைந்தபட்ச அளவு வைத்து, அவற்றை மறுபடி பெருகவிடுவதும் இதோடு சேர்ந்து நடக்கவேண்டும்.